எட்டு லிட்டரில் ஒட்டிய மேசை

தெருவில் சாவு விழுந்தால் நாலு நாளைக்கு அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிற ஆள் நான். சங்குச் சத்தம் கேட்டால் வண்டியில் பெட்ரோல் இல்லை என்பது உடனே ஞாபகத்துக்கு வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயது. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாகச் சொந்த வெல்டிங் பட்டறை. இரும்பையே உருக்குகிறவன் என்று வெளியே பேர். உள்ளே இருக்கிற சரக்கு இவ்வளவுதான். இப்படிப்பட்டவனிடம் பிணம் குளிப்பாட்டும் மேசை ஒன்று செய்து தரச் சொல்லி வந்தார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டெய்லர் பாய். தருமபுரி டவுனில் தையல் கடை. அவர்கள் ஜமாத்தில் ஆண் யார் இறந்தாலும் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி அனுப்பி வைப்பது அவர் வேலை. பெண் என்றால் அவர் மனைவி. கூலி கிடையாது, கூப்பிட்டால் போய்விடுவார்கள். "நான் டெய்லருங்க, ஆனா கடைசியா போடற துணியில எனக்கு ஒரு தையல் வேலையும் இல்ல பாருங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

இன்னொருவர் அவருடைய அக்கா. அறுபதைத் தாண்டியவர். இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோவிலிருந்து இறங்கிப் பட்டறைக்குள் வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து, பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஒரு மேசை வேணும்."

"டைனிங் டேபிளாக்கா? மேல கண்ணாடி போட்டுக்கலாமா, கிரானைட்டா?"

"குளிக்கிற மேசை."

"குளிக்க எதுக்குக்கா மேசை? ஸ்டூல் போதுமே."

"உக்காந்துகிட்டு குளிக்கிறதுக்கில்ல தம்பி. படுத்துகிட்டு."

டெய்லர் பாய் கூரைத் தகரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் என் நாக்கு மேல் அண்ணத்தில் டேக் வெல்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

அக்கா நிதானமாகச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா இறந்தபோது ஜமாத்து மேசையில் போட்டுக் குளிப்பாட்டினார்களாம். இரும்பு மேசை. நடுவில் ஒரு ஜாயிண்ட். அம்மாவை ஒருக்களித்துத் திருப்பும்போது அந்த ஜாயிண்டில் இருந்த பிசிறு தோள்பட்டையிலிருந்து நடுமுதுகு வரை கீறிவிட்டது.

"ரத்தம் வரல தம்பி. வந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வராத கீறலுங்க அது. முதுகுப் பக்கம் தண்ணி ஊத்துனவ நானு. எங்கம்மா உசுரோட இருந்தா ஒரு 'ஸ்'ஸாவது சொல்லியிருக்கும்."

முழங்கைக்குக் கீழே முந்தானையை விலக்கிக் காட்டினார். ஊசி ஏற்றி ஏற்றி, கையின் தோல் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஆகியிருந்தது. "இதப் பாருங்க. என்னைய அந்த மேசையில போட்டா கீறாது. கிழிஞ்சிரும்."

ஒரு தொழில்காரனாக எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் பயம் கொஞ்சம் குறையும். ஆகவே குரலை உயர்த்தினேன். "பிசிறு கூடத் தேய்க்காம குடுத்திருக்கான் பாருங்க. எந்த முட்டாப் பயங்க்கா அந்த மேசையப் பண்ணுனது?"

டெய்லர் பாய் மறுபடியும் தகரத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் தம்பி" என்றார் அக்கா.

ஆறரை அடியில் ஒரு பெஞ்சு வேண்டும் என்று யாரோ சொல்லி, ஆங்கிளும் தகடும் வைத்து ஆர்க் வெல்டிங்கில் ஒட்டிக் கொடுத்தது மெல்ல ஞாபகம் வந்தது. பள்ளிவாசல் வாசலில் செருப்பு கழற்றுகிறவர்கள் உட்காரக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உட்காருகிறவனுக்கு வேட்டி இருக்கிறது, பேண்ட் இருக்கிறது. எதற்குப் பிசிறு தேய்ப்பது என்று விட்டிருப்பேன்.

"வேற பட்டறைக்குத்தான் போலாம்னேன்" என்றார் அக்கா. "இவன்தான், அந்த மேஸ்திரி இப்ப கேஸ் வெல்டிங்கு பழகிட்டாரு, சில்வர் வேலை கண்ணாடியாட்டம் பண்றாருன்னான். எவர்சில்வர்ல பண்ணுங்க. முதுகுல ஒண்ணும் தட்டக் கூடாது. பழச இரும்புக்குப் போட்டுருங்க, என் கண்ணுல படக் கூடாது."

"எப்ப வேணுங்க்கா?"

"அத நான் எப்படிங்க தம்பி சொல்றது?"

அவர்தான் முதலில் சிரித்தார். டெய்லரும் சிரித்தார். நானும் கடைசியில் பல்லைக் காட்டினேன்.

மறுநாளே பழைய மேசையைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பி வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அதை இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் சொன்ன நாளுக்கு முன்னால் முடித்த ஒரே வேலை அது. சுறுசுறுப்பு ஒன்றுமில்லை. அந்த மேசையோடு ஒரே கூரையின் கீழ் மதியச் சாப்பாடு இறங்காது என்பதுதான் காரணம்.

புது மேசைக்குத் தகடு வாங்கினேன். ஓரம் மடிக்க நல்லம்பள்ளிப் பக்கம் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற பெண்டிங் மிஷினுக்கு நாலடிதான் வாய். ஆறரை அடி மேசையை ஒரே தகடாக மடிக்க வழியில்லை. இரண்டு பாதியாக மடித்து, குறுக்கே ஒட்ட வேண்டும். தலை ஒரு பாதி, கால் ஒரு பாதி. நடுவில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரே ஒரு ஜாயிண்ட். அது எங்கே வரும் என்று, தலைமாட்டில் ஒரு அடி விட்டு, டேப் வைத்து அளந்து பார்த்தேன். படுத்திருக்கிறவரின் தோள்பட்டைக்குக் கீழே, முதுகில் வந்தது. போன தடவை கீறிய அதே இடம்.

சட்டம் செய்தேன். கால்கள் செய்தேன். கால்களுக்கு அடியில் மட்டம் பார்க்கத் திருகு போட்டேன். தண்ணீர் இறங்கக் குழாய் வைத்தேன். அந்த ஒரு ஜாயிண்டை மட்டும் போடவில்லை. இரண்டு பாதியையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஓட்டல் சிங்க் ஒன்று, மாடிக் கைப்பிடி ஒன்று, மாரண்டஹள்ளிக்காரர் ஒருவரின் கேட் ஒன்று என்று அவசரமே இல்லாத வேலையையெல்லாம் அவசரமாக முடித்தேன். பதினோரு நாள் போயிற்று.

அந்தப் பதினோரு நாளும் பட்டப்பகலில் நான் பட்ட பாடு இருக்கிறதே. தகடு கண்ணாடி மாதிரி பளபளக்கும். எங்கே நின்றாலும் என் உருவம் அதில் தெரியும். தலை ஒரு பாதியில், உடம்பு ஒரு பாதியில், நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி. சோறு தின்னும்போது நிமிர்ந்தால் தலை தனியாக மென்றுகொண்டிருக்கும். பெட்ஷீட் போட்டு மூடினேன். மூடிய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. வெள்ளை பெட்ஷீட். அவசரமாக எடுத்துவிட்டுப் பூப்போட்டதாக மாற்றினேன்.

ஆறாம் நாள் மதியம் பட்டறையில் ஆளே இல்லை. மெஷினெல்லாம் நிறுத்தியிருக்கிறது. எங்கிருந்தோ 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பல்லுக்கிடையில் வலியை அடக்குகிற மாதிரி மெல்லிசாக, விடாமல். அந்த அம்மா உயிரோடு இருந்தால் ஒரு 'ஸ்'ஸாவது சொல்லியிருக்கும் என்று அக்கா சொன்னது காதில் வந்தது. நான் என்ன செய்தேன்? ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது சத்தம் இல்லை. நல்லவேளை, போய்விட்டது என்று நெற்றியில் விபூதி பூசிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, டெய்லர் பாயின் நம்பரிலிருந்து நாலு தடவை போன் வந்தது. மேசையைத்தான் கேட்பார் என்று எடுக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு அவரே வண்டியில் வந்து இறங்கினார். சட்டையில் எப்போதும்போல நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கண் சிவந்திருந்தது.

"அக்கா போயிட்டாங்க மேஸ்திரி. விடியகாலம் பாங்குக்கு முன்னாடி."

கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன்.

"சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ரெண்டு மணிக்காச்சும் மேசை வூட்ல இருந்தாத்தான் பொம்பளைங்க குளிப்பாட்ட முடியும். ஆயிடுச்சுங்களா?"

"ஆன மாதிரிதாங்க பாய்."

"மாதிரின்னா?"

பூப்போட்ட பெட்ஷீட்டை விலக்கிக் காட்டினேன். இரண்டு பாதியையும் அவர் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காதீங்க பாய். பயந்துட்டேன்."

"எதுக்குங்க பயம்? அக்கா அன்னிக்கு வந்தப்ப உசுரோடதான இருந்துச்சு."

நான் பெட்ஷீட்டை மடித்தேன். அவர் தகட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வேற ஜமாத்துல கேட்டா மேசை குடுப்பாங்க. அதும் இரும்புதான், அதும் பழசுதான். அக்கா என் கையப் புடிச்சு சொல்லிட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "போடுங்க. நான் இங்கயே இருக்கேன். வூட்ல இருந்தா அழுவேன்."

பங்குனி வெயில். தகரக் கூரை. துக்கத்தோடு வந்து உட்கார்ந்த மனிதருக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஸ்டாண்ட் ஃபேனை அவர் பக்கம் திருப்பி முழு வேகத்தில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு இரண்டு பாதியையும் சட்டத்தில் ஏற்றி, விளிம்பை விளிம்போடு சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.

அக்கா கேஸ் வெல்டிங்கு என்று சொன்ன டிக் வெல்டிங்கில் மறைப்புத்தான் எல்லாம். டார்ச் முனையில் டங்ஸ்டன் ஊசி. அதைச் சுற்றி பீங்கானில் ஒரு சின்னக் குப்பி, அதுதான் நாசில். ஊசியிலிருந்து வரும் தீ தகட்டை உருக்கும்போது, நாசில் வழியாக ஆர்கான் கேஸ் இறங்கி, உருகின உலோகத்தின் மேல் குடை பிடிக்கும். குடைக்குள் வெளிக்காற்று வரக் கூடாது. வராவிட்டால் ஜாயிண்ட் வெள்ளியாகவோ, பொன்னாகவோ, லேசான ஊதாவாகவோ வரும். அது கல்யாணச் சீர். காற்று வந்துவிட்டால் சாம்பல் பூத்துக் கருத்துப் போகும். உள்ளே ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டை விழும். அது காரியம். மேலே எவ்வளவு தேய்த்து மினுக்கினாலும் அந்த ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டே வரும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பல் இருக்கும். பல் தோலைப் பிடிக்கும்.

நாசிலுக்கு நம்பர் உண்டு. நாலு, ஐந்து சின்ன வாய். ஏழு, எட்டு பெரிய வாய். நான் ஐந்தாம் நம்பரைப் போட்டேன். சின்ன வாயாக இருந்தால் உருகுகிற இடம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பயந்தவனுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், அதனால். கேஸ் நிமிஷத்துக்கு எட்டு லிட்டர் வைத்தேன். ரெகுலேட்டர் மேல் கண்ணாடிக் குழாயில் ஒரு குண்டு மிதக்கும். அது எங்கே நிற்கிறதோ அவ்வளவு கேஸ்.

முகமூடியை இறக்கி, மூன்று அங்குலம் ஓட்டினேன். தூக்கிப் பார்த்தேன்.

கருப்பு.

அடுப்பில் வைத்து மறந்த தோசை மாதிரி கருப்பு. இத்தனை வருஷத்தில் எவர்சில்வரில் அப்படி ஒரு ஜாயிண்டை நான் போட்டதில்லை.

கேஸ் பத்தவில்லை என்று நினைத்தேன். திருகினேன். பன்னிரண்டு. கருத்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். கருப்பு. பதினைந்து. கருப்பு, கூடவே பொட்டுப் பொட்டாக ஓட்டை. பதினெட்டு. இப்போது தீ நடுங்கியது. எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி படபடவென்று துப்பியது. அந்தத் துப்பல் சத்தத்துக்கு நடுவே யாரோ பின்னால் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கலாம். ஆனால் முகமூடி போட்டுக்கொண்டு திரும்பினால் இருட்டுத்தான் தெரியும், கழற்றினால் அக்கா தெரிந்துவிடுவாரோ என்று சந்தேகம். நடுவில் ஒரு முடிவெடுத்தேன். முகமூடியோடே, திரும்பாமலே, "மன்னிச்சுக்கோங்க்கா" என்றேன்.

"என்னங்க மேஸ்திரி?" என்றது டெய்லர் பாயின் குரல்.

"ஒண்ணுமில்லீங்க பாய். கேஸு கிட்ட பேசினேன்."

"அக்கான்னீங்களே."

"காத்து கருப்பு ஏதோ வேலை பண்ணுதுங்க. நாலு தடவை போட்டுட்டேன், நாலு தடவையும் கரிக்கட்டை."

"எங்கக்காவா? சும்மா இருங்க. அது ஆயுசு பூரா என்னையத்தான் திட்டுச்சு. செத்த அன்னிக்கு உங்கள எதுக்குத் தேடி வருது? வூட்ல எனக்கே இன்னும் பாக்கி இருக்கும்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் கேஸைக் கூட்டலாம் என்று சிலிண்டர் பக்கம் போனவன், ரெகுலேட்டரின் இன்னொரு மீட்டரைப் பார்த்தேன். சிலிண்டருக்குள் மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற முள். நிறைந்திருந்தால் நூற்றைம்பதில் நிற்கும். இப்போது பதினைந்துக்குக் கீழே கிடந்தது. பத்து நாள் முன்னால் மாட்டிய சிலிண்டர் அது. பாதியாவது இருக்க வேண்டும்.

குழாயைத் தடவிக்கொண்டே போனேன். சிலிண்டர் வால்வுக்குப் பக்கத்தில் நட்டு லூசாக இருந்தது. தொட்டதும் 'ஸ்ஸ்ஸ்' என்றது.

அந்தச் சத்தம். ஆறாம் நாள் மதியம் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு நான் ஓடியது ஒரு நட்டுக்குப் பயந்து. ஒரு ஸ்பேனரும் கால் சுற்றும் போதும். நான் விபூதி பூசினேன். சாயங்காலம் சத்தம் நின்றதற்குக் காரணமும் இப்போது தெரிந்தது. ஹைவேயில் லாரிகள் அதிகம், காதில் விழவில்லை, அவ்வளவுதான். என் சிலிண்டர் நாள்கணக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

கேஸ்காரருக்குப் போன் போட்டேன். "வண்டி ஓசூர் லைனுக்குப் போயிடுச்சுங்ணா, சாயங்காலம்தான் வரும்" என்றார். மணி பதினொன்றேகால். நட்டை இறுக்கினேன். கையை சிலிண்டர் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு லிட்டரில் ஓட்டினால் ஜாயிண்டில் பாதி போவதற்குள் தீர்ந்துவிடும். ஒரே வழி, குறைத்து வைப்பது. அதிகம் வைத்தே கருக்கிறது, குறைத்தால் என்னாகும்? பாயிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், வேற ஜமாத்து மேசையை எடுத்து வரச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன்.

அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஃபேன் காற்று அவர் மேல் அடித்து, அவரைத் தாண்டி, மேசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை நூல் படுக்கைவாட்டில் நீண்டு துடித்தது. நூலின் நுனி நேராக ஜாயிண்டைக் காட்டியது.

டிக் வெல்டிங்கில் முதல் நாள் முதல் பாடம், ஃபேனை நிறுத்து என்பது. குடையைக் காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. நான் என்ன செய்தேன்? பயத்தில் மேலும் மேலும் கேஸைக் கூட்டினேன். சின்ன வாய் நாசிலில் அவ்வளவு கேஸைத் திணித்தால் அது குடையாக இறங்காது. ஹோஸ் பைப் தண்ணீர் மாதிரி பீய்ச்சி அடித்து, சுழன்று, அக்கம்பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே வரும். பேயைப் பட்டறைக்குள் விட்டது ஃபேன், வெற்றிலைபாக்கு வைத்து உட்கார வைத்தது நான்.

ஆனால் துக்க வீட்டுக்காரர் வேர்வையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மேல் வீசுகிற ஃபேனை எப்படி நிறுத்துவது? ஸ்விட்ச் பக்கம் போனேன். வந்தேன். மறுபடி போனேன்.

"என்னங்க, பாத்ரூமா?"

"இல்லீங்க பாய். இந்த ஃபேனு... இதனாலதாங்க கருக்குது."

அவர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்காகவா போட்டீங்க?"

"ஆமாங்க."

"அதுக்கா நாலு தடவை கரிச்சீங்க? நல்ல ஆளு போங்க" என்று எழுந்து அவரே நிறுத்தினார். பட்டறை அமைதியானது. தகரத்தில் வெயில் பொரிகிற சத்தம் மட்டும்.

அலமாரியில் ஒரு டப்பா உண்டு. அதற்குள் எட்டாம் நம்பர் நாசிலும், கேஸ் லென்ஸ் என்று சொல்கிற சல்லடையும். டீ வடிகட்டியை நாலாக மடித்த மாதிரி இருக்கும். அதன் வழியாக வரும் கேஸ் அலையாமல், நேராக, மெதுவாக, பட்டுத் துணி விழுகிற மாதிரி இறங்கும். நல்ல வேலைக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தி, நல்ல வேலை வந்தபோதெல்லாம் கெட்டுவிடும் என்று எடுக்காமல் விட்டது. அன்றைக்கு எடுத்துப் பூட்டினேன். பெரிய வாய், கொஞ்சம் கேஸ். குண்டு கீழே கீழே இறங்கி எட்டில் நின்றது.

கருத்த இடத்தையெல்லாம் அடி வரை தேய்த்து எடுத்தேன். துணியால் துடைத்தேன். முகமூடியை இறக்கினேன்.

முதல் அங்குலம். இந்தத் தடவை தீ நடுங்கவில்லை. நிறுத்தி, டார்ச்சை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டேன். தீ அணைந்த பிறகும் சில நொடி கேஸ் வரும். சூடு தணிகிற வரை குடையை எடுக்கக் கூடாது. மனசுக்குள் எட்டு எண்ணினேன். முகமூடியைத் தூக்கினேன்.

பொன்.

டெய்லர் பாய் எட்டிப் பார்த்தார். "இது நல்லதுங்களா?"

"கல்யாணச் சீருங்க" என்று வாய் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "போடுங்க" என்றார்.

தகடு வளையாமல் இருக்க விட்டு விட்டுப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் எட்டு எண்ணினேன். கடைசி நாலு அங்குலம் இருக்கும்போது சிலிண்டர் முள் படுத்துவிட்டது. குண்டு மட்டும் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் முடிந்தது கதை. எந்தச் சாமியை வேண்டுவது என்று ஒரு குழப்பம். மேசை அவர்களுடையது, பயம் என்னுடையது. பொதுவாக வேண்டிக்கொண்டேன். ஜாயிண்டை மூடி எட்டு எண்ணி முடித்தபோது குண்டு ஒரு தடவை ஆடியது. கால் நிமிஷத்தில் விழுந்துவிட்டது.

தேய்த்தேன். மினுக்கினேன். பன்னிரண்டரைக்கு ஜாயிண்ட் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டெய்லர் பாய் பையிலிருந்து மெல்லிசான மல் துணி ஒன்றை எடுத்து மேலே போட்டு, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். எங்கும் சிக்காமல் வந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க பாய்?"

"துணிக்குத் தெரியாதது தோலுக்குத் தெரியும். படுத்துப் பாத்தர்றேன்."

அக்காவைக் குளிப்பாட்டப் போகிற மேசையில் தம்பி படுப்பதை நான் நின்று பார்க்கவா? என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நானே நம்பவில்லை. "நீங்க இருங்க. நான் படுக்கறேன்."

பனியனையும் கழற்றிவிட்டு ஏறினேன். அவ்வளவு வெயிலிலும் அந்தத் தகடு ஜில்லென்று இருந்தது. மல்லாந்தேன். தகரக் கூரையில் ஆணி ஓட்டை ஒன்று, அதன் வழியாக வானம். ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. உலகம் நான் இல்லாமலும் நன்றாகத்தான் ஓடுகிறது என்று தெரிந்தது. என் தலைக்கு மேல் பாயின் முகம் தலைகீழாக வந்தது. அவர் கை, பழக்கத்தில், என் தலையை நேராக்கியது. தாடைக்கடியில் இரண்டு விரல் வைத்து வாயை மூடிவிட்டது.

"பாய், நான் இன்னும் இருக்கேங்க."

"தெரியுதுங்களே. பேசிகிட்டேதான இருக்கீங்க."

"நீளம் பத்துதுங்களா?"

"உங்களுக்குச் சரியா இருக்கு" என்றார். அந்த நல்ல வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சாய்வு பார்க்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சொம்பை எடுத்து என் தோள் பக்கமாக மெதுவாக ஊற்றினார். தண்ணீர் முதுகுக்கடியில் புகுந்து, ஜாயிண்டைத் தாண்டி, கால்மாட்டுக் குழாயில் இறங்கியது. எங்கும் தேங்கவில்லை. சாய்வு பார்க்க ஒரு சொம்பு போதும். அவர் இரண்டாவது ஊற்றினார். மூன்றாவதும் ஊற்றினார். அவர் கண்களிலிருந்தும் இரண்டு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் விரல் வைத்து மூடத் தேவையிருக்கவில்லை.

"ஒருக்களிச்சுத் திரும்புங்க" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

திரும்பினேன். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, எறும்பு கடித்த அளவுக்கு ஏதோ பிடித்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரியவில்லை, துணிக்கும் தெரியவில்லை.

"இங்க இருக்குங்க பாய்."

எழுந்து, ஈர முதுகோடு, நைசான எமரித் தாளால் அந்த இடத்தைத் தேய்த்தேன். மறுபடி படுத்துத் திரும்பினேன். இருந்தது. தேய்த்தேன். படுத்தேன். நாலாவது தடவை இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒன்றுமில்லை. பிணத்துக்குப் பயந்தவன் அந்த மேசையில் அன்றைக்கு நாலு தடவை படுத்து எழுந்தேன். என் மனைவிக்கு இதுவரை சொல்லவில்லை.

ஒன்றரைக்கு மேசை அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. சுற்றிலும் சேலைகள் கட்டித் திரை போட்டிருந்தார்கள். மட்டத்துக்காக நானும் கூடப் போக வேண்டியிருந்தது. காலடித் திருகுகளைத் திருகிச் சரிபார்த்துவிட்டு, உள் அறைப் பக்கம் பார்க்காமலே வெளியே வந்தேன். பெண்கள் உள்ளே போனார்கள். வாசலில் பிளாஸ்டிக் சேர்களில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கிளம்பியிருக்கலாம். வண்டியில் உண்மையாகவே பெட்ரோல் இல்லாமல்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. நிற்கும். பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். மறுபடி விழும். ஒருக்களித்துத் திருப்புகிறார்கள் என்று தெரிகிற ஓர் இடைவெளி வந்தது. என் இடது தோள்பட்டை தானாக இறுகியது. அந்த முதுகு எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அது எங்கெங்கே மேசையில் படும் என்பது மட்டும் எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் மட்டும் மறுபடி விழுந்தது.

நெடுநேரம் கழித்து டெய்லர் பாயின் மனைவி பின்கட்டுக் கதவருகில் வந்தார். முழங்கை வரை ஈரம். வாசலில் இருந்தவர்களைப் பார்வையால் துழாவி என்னைக் கண்டுபிடித்தார்.

"அண்ணா, முதுகு நல்லா இருக்குங்கண்ணா. ஒரு கீறல் இல்ல. எங்க வூட்டு அவுங்கள்ட்டயும் சொல்லிருங்க" என்றார். நான் சேரிலிருந்து எழுவதற்குள் உள்ளே போய்விட்டார்.

பக்கத்துச் சேரில் இருந்த பெரியவர் காதருகில் கையை வைத்துக்கொண்டு, "என்னங்க சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

முதுகைப் பற்றி அந்தக் காதுக்கு எட்டக் கத்த முடியுமா? "மேசை ஆடலையாமுங்க" என்றேன்.